ஒரு சிவப்பு முத்திரைக்கான விளக்கம்

அனுப்புநர்
சு. ஆறுமுகநயினார்,
விளக்க அலுவலர் (ஓய்வு),
சிப்பிக்குடி வட்டம், தென்கரை நாடு.

பெறுநர்
தலைமைப் பதிவாளர் அவர்கள்,
தென்கடல் ஒன்றிய நீதிமன்றம், மணித்தீவு.

பொருள்: குடிமகன் அ. தொபியாஸ் கோப்பில் இருநூற்று நாற்பதாம் கேள்விக்கு இட்ட முத்திரை – விளக்கம் கோரியது – பதில் அளித்தல்.

ஐயா,

தங்கள் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நான்கு வரிக் கடிதம். தொபியாஸ் என்பவரின் கோப்பில் இருநூற்று நாற்பது கேள்விகள் உள்ளன, இருநூற்று முப்பத்தொன்பதுக்கு நீல முத்திரை, கடைசிக் கேள்விக்கு மட்டும் சிவப்பு, காரணம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது நாட்களுக்குள் பதில் வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

நான்கு வரியில் பதில் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. எந்தக் கடிதத்தையும், விவரம் ஒன்றும் தெரியாத ஒருவர் பிரித்துப் படிக்கப்போகிறார் என்று நினைத்துத்தான் எழுத வேண்டும் என்று எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் பழக்கியிருந்தார்கள். நீதிமன்றத்துக்கு எல்லா விதியும் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் நீதிமன்றத்தோடு நிற்கப்போவதில்லை. அதனால் முதலிலிருந்து வருகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றியத்தில் ஒன்பது நாடுகள். ஆண்டுக்கு நாற்பது தீர்மானங்களாவது வாக்கெடுப்புக்கு வருகின்றன. படகு விளக்கு என்ன நிறத்தில் எரிய வேண்டும் என்பதிலிருந்து கடல் எல்லை வரைக்கும். வலை இழுக்கிறவனும் பள்ளிக்கூடம் நடத்துகிறவளும் அத்தனையையும் படித்து வாக்களிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு சாயல் செய்யப்பட்டது. பதினெட்டு வயதானதும் அலுவலகத்தில் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து பேச வேண்டும். அந்தப் பேச்சிலிருந்து இயந்திரம் அவரைப் போலவே யோசிக்கக் கற்றுக்கொள்ளும். பிறகு அவருக்குப் பதிலாக அதுவே வாக்களிக்கும்.

தன் சாயல் ஏன் இப்படி வாக்களித்தது என்று கேட்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு. அவர் வர இயலாத நிலையில் இருந்தால் மனைவி, கணவன், பெற்றோர் கேட்கலாம். மாதம் ஒருமுறை, மூன்று கேள்விகள். சாயல் அந்த மனிதரின் சொந்தக் குரலில், சொந்தப் பேச்சில் பதில் சொல்லும். சட்ட நடையில் சொன்னால் சாதாரண மக்களுக்கு விளங்காது என்று விதி எழுதியவர்கள் அப்படி வைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள். பக்கத்தில் ஓர் அலுவலர் இருந்து, கேள்வி தீர்மானத்தோடு தொடர்புடையதா என்று பார்த்து முத்திரை இட வேண்டும். தொடர்புடையது என்றால் நீலம், இயந்திரம் பதில் சொல்லும். தொடர்பற்றது என்றால் சிவப்பு, சொல்லாது.

சிப்பிக்குடியில் அந்த அலுவலர் நான்.

ஐப்பசிப் புயலில் சிப்பிக்குடியிலிருந்து தொழிலுக்குப் போன இருநூற்றுப் பதினான்கு பேர் திரும்பவில்லை. ஓர் உடல்கூடக் கரை ஒதுங்கவில்லை. உடல் இல்லாவிட்டால் இறப்பைப் பதிய ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது ஒன்றியச் சட்டம். அதுவரை அவர்கள் "வர இயலாத நிலையிலுள்ள குடிமக்கள்". ஆகவே அவர்களுடைய சாயல்கள் வழக்கம்போல வாக்களித்துக்கொண்டிருந்தன. இது தவறு என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

புயலுக்கு ஐந்தாம் மாதம் மெர்சலின் வந்தார். தொபியாஸின் மனைவி. இருபத்தாறு வயது. புயலுக்குப் பிறகு பிறந்த குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அறிவிப்புப் பலகையை வாசித்துவிட்டு நேரே என் மேசைக்கு வந்தார்.

"சார், எம் மாப்பிள்ள ஓட்டு போட்டிருக்காவளாம். ஏன் போட்டாவன்னு கேக்கலாமாம்லா?"

"கேட்கலாம்மா. எந்தத் தீர்மானம்?"

"என்னெல்லாம் இருக்கு?"

பட்டியலைக் கொடுத்தேன். விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினார். பாதியில் நிறுத்தி, "இந்த ஐஸ் பெட்டி" என்றார். மீன் ஏற்றும் ஐஸ் பெட்டி ஒன்பது நாட்டிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற தீர்மானம் அது. தொபியாஸின் சாயல் எதிர்த்து வாக்களித்திருந்தது.

"ஐஸ் பெட்டிக்கு ஏன் வேண்டாம்னு போட்டிய?"

நீலம்.

"நம்ம வள்ளத்துல அந்த அகலத்துக்குப் பெட்டி வச்சா கால நீட்டி ஒக்கார எடமிருக்காதுட்டி, அதான்" என்றது தொபியாஸின் குரல்.

மெர்சலின் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டார்: "நம்ம மரப்பெட்டி சாவிய எங்க வச்சிய?"

நான் சிவப்பு முத்திரையைக் கையில் எடுத்தேன்.

"பெட்டியப் பத்திதான கேக்கேன் சார். அதுவும் பெட்டி, இதுவும் பெட்டி."

அந்தக் கணத்தில் நான் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சிவப்பை வைத்துவிட்டு நீலத்தை எடுத்துக் குத்தினேன்.

"எங்க வப்பேன்? மாதா படத்துக்குப் பொறத்தாலதான்."

பிறகு கோப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் பேச்சிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் நடக்கும் புதுப்பிப்புப் பேச்சுகளிலும் தொபியாஸ் சாவி பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அடுத்த மாதம் மெர்சலின் வந்தபோது, "சாவி இருந்ததா?" என்று கேட்டேன். "இருந்துச்சு சார்" என்றார். 

அன்றைய மூன்றாவது கேள்வியையும் எழுதிவிடுகிறேன். "பொம்பளப் பிள்ள பெறந்திருக்கு" என்றார். கேள்வியாகச் சொல்ல வேண்டும் என்றேன். "பொம்பளப் பிள்ள பெறந்திருக்கு, ஐஸ் பெட்டிக்குப் போட்ட ஓட்ட மாத்துவியளா?" என்றார். நீலம் குத்தினேன்.  "என்ன பேரு வச்சிருக்க?" என்றது சாயல். சாயல் திரும்பக் கேள்வி கேட்கலாமா என்பதற்கு விதி இல்லை.

"ஸ்டெல்லா."

அடுத்த மாதத்திலிருந்து இருநூற்றுப் பதினான்கு வீட்டிலிருந்தும் வந்தார்கள். நாளொன்றுக்குப் பத்துப் பேர். எந்தத் தீர்மானத்துக்குள் எந்தக் கேள்வியைச் சொருகலாம் என்று வரிசையில் நிற்கும்போதே பேசிவைத்துக்கொள்வார்கள். பள்ளி நாட்கள் பற்றிய தீர்மானம் வந்தால் பிள்ளைகளின் மதிப்பெண், உப்பு வரி வந்தால் குழம்பு. கிரேசம்மாள் என்பவர் மாதம் தவறாமல் திட்டுவதற்கென்றே வருவார். "எரிபொருள் தரத்துக்குச் சரின்னு போட்டேராம். குடிச்சிட்டுக் கெடந்த மனுசனுக்கு எரிபொருளப் பத்தி என்னவே தெரியும்?" என்பார். "தெரிஞ்சதுனாலதாம்டி போட்டேன்" என்று பதில் வரும். கிரேசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார். அது உண்மையிலேயே தொடர்புடைய கேள்வி. என் ஏழு ஆண்டுப் பணியில் அப்படி வந்தவை குறைவு.

விதி இருபத்திரண்டு எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்ப நான் விரும்பவில்லை. நீல முத்திரை பெற்ற கேள்வியில் அடங்கிய செய்தி எதுவோ, அது சாயலுக்குப் புது அறிவாகச் சேர்ந்துவிடும். அடுத்த வாக்கெடுப்பில் அதையும் சாயல் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஐஸ் பெட்டியைப் பற்றி ஒருவருக்குக் கூடுதலாக நாலு விஷயம் தெரிந்தால் ஒன்றியத்துக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். ஆனால் போய்ச் சேர்ந்தது ஐஸ் பெட்டி இல்லை. ஸ்டெல்லாவுக்குப் பல் முளைத்தது, கிணறு உப்பானது, கோயில் படிக்கட்டில் மூன்றாம் படிவரை தண்ணீர் வந்தது, யார் வீட்டில் யார் அழுதார்கள் என்பது. ஏழு ஆண்டுச் சிப்பிக்குடி முழுவதும் என் நீல மை வழியாக உள்ளே போயிற்று. மற்றவர்களின் சாயல்கள் ஆண்டுக்கு ஒரு மணி நேரம் கற்றன. எங்கள் ஊரில் காணாமற்போனவர்களின் சாயல்கள் மாதந்தோறும் கற்றன.

ஏழாம் ஆண்டில் கரை விலகல் தீர்மானம் வந்தது. ஒன்பது நாடுகளிலும் கடலிலிருந்து ஆறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களைக் காலி செய்து உள்நாட்டில் குடியேற்றுவது. நான்கு நாடுகள் சரி என்றன, நான்கு வேண்டாம் என்றன. ஒன்பதாவது தென்கரை. இங்கே நூற்று முப்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. சிப்பிக்குடியின் காணாமற்போனவர்களில் இருநூற்று மூன்று பேர் சரி என்று போட்டிருந்தார்கள்.

அன்று மெர்சலின் வந்தபோது வரிசையில் நிற்கவில்லை.

"எம் மாப்பிள்ள இதப் போட்டிருக்க மாட்டாவ சார். கரைய விட்டு ஒரு ராத்திரி எங்க அம்மா வீட்டுல தங்க மாட்டாவ. உங்க மிசின் பொய் சொல்லுது. நாங்க உள்நாட்டுக்குப் போயிட்டா, அவிய வந்தா எங்க வருவாவ?"

 தீர்மானத்தை எதிர்த்து மேற்குத்தீவுகள் நாடு வழக்குத் தொடுத்தது. கடலில் மூழ்கியவர்களின் வாக்கில் ஒன்பது நாட்டுக் கரையையும் காலி செய்வதா என்பது அவர்களின் வாதம். அதை விசாரிக்கத் தாங்கள் அனுப்பிய மூத்த ஆய்வாளர் திருமதி ஞானாம்பிகை எண்பத்து மூன்றாம் மாதம் வந்து சேர்ந்தார். வடதீவுக்காரர். என் பதிவேடுகளை இரண்டு நாள் புரட்டினார்.

"ஐயா, ஏழு வருசத்தில நீங்கள் ஒரு கேள்வியையும் நிராகரிக்கேல்லை. மற்ற அலுவலகங்களில அரைவாசி சிவப்பாயிருக்கும்."

"எல்லாம் தொடர்புடையதாகத்தான் தெரிஞ்சுது, அம்மா."

"சாவியுமோ?"

"பெட்டி சம்பந்தப்பட்டது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு மெர்சலினையும் கிரேசம்மாளையும் உட்காரவைத்து விஷயத்தை விளக்கினார்.

"இஞ்ச பாருங்கோ. அடுத்த மாதம் ஏழு வருசம் முடியுது. உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் வரும். அதில ரெண்டு கட்டம். 'இறந்தார்' எண்டு அடையாளம் போட்டா, அவர் புயலடிச்ச நாளிலயே இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதுக்குப் பிறகு அவர் போட்ட வாக்கெல்லாம் செல்லாது. 'காத்திருக்கிறோம்' எண்டு போட்டா, இன்னும் ஏழு வருசத்துக்கு அவர் உயிரோட இருக்கிற ஆள். வாக்கு செல்லும்."

"எத்தன பேரு செத்தான்னு போட்டா கரை நிக்கும்?" என்று கேட்டார் கிரேசம்மாள்.

"'சரி' எண்டு போட்டவையின்ர வீடுகளில நூற்று முப்பத்தொண்டு. அப்ப ரெண்டு பக்கமும் சமமாகும். சமமெண்டால் தீர்மானம் தோத்தது."

மெர்சலின் ஞானாம்பிகையின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்: "அவிய உசுரோட இருக்காவன்னு எழுதினா நான் கரைய விடணும். கரை வேணும்னா என் கையால அவியளச் சாவடிக்கணும். எந்தப் புண்ணியவான் மேடம் இந்தச் சட்டத்த எழுதினான்?"

"ஒருத்தனில்லை, பிள்ளை. ஒன்பது நாட்டுக்காரர் பதினொரு வருசம் இருந்து எழுதினது."

"பொம்பள ஆரும் இருந்தாவளா?"

ஞானாம்பிகை குறிப்பேட்டை மூடிவைத்தார்.

கிரேசம்மாள்தான் முடிவைச் சொன்னார். "செத்தான்னே எழுதுவோம். எழுதிட்டுக் கரையில இருந்து காத்துக்கிட்டிருப்போம். காயிதத்துக்கு என்ன தெரியும்?" ஊர் முழுக்க அந்தப் பேச்சுத்தான் நின்றது.

புறப்படும்போது ஞானாம்பிகை வாசலில் நின்று, வேடிக்கையாகச் சொல்வதுபோல் ஒன்று சொன்னார். "சாயல் சொல்லுறதெல்லாம் அந்த ஆளே சொன்ன மாதிரி எண்டு விதி ஐந்து சொல்லுது. ஆராவது ஒருத்தி 'நீ செத்துப்போனியோ' எண்டு கேட்டு, அவன் 'ஓம்' எண்டால் என்ன செய்யிறது, ஐயா? அது உயிரோட இருக்கிறவன்ர வாக்குமூலமோ, செத்தவன்ர வாக்குமூலமோ? மணித்தீவில ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் ஒருத்தரும் கேக்காமல் இருந்தால் நல்லது."

எண்பத்து நான்காம் மாதம், கடைசி அமர்வு. மறுநாள் சனிக்கிழமை படிவத்தில் கையெழுத்து. மெர்சலின் தனியாக வந்தார். ஸ்டெல்லா பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

இருநூற்று முப்பத்தெட்டாம் கேள்வி. "கரைய விட்டுப் போன்னு எதுக்குப் போட்டிய?"

"நீ சொன்னதத்தான நானும் கேட்டேன். கெணத்துத் தண்ணி உப்பாயிட்டுன்ன. கோயில் படி தண்ணிக்குள்ள போயிட்டுன்ன. ஸ்டெல்லாவுக்கு இருமல் விடலன்ன. பொறவு நான் என்ன போடணும்ட்டி?"

இருநூற்று முப்பத்தொன்பது. "நீங்க வந்தா எங்க வருவிய?"

"நீங்க இருக்கிற எடத்துக்கு வராம எங்க போவேன்? வழி கேட்டு வருவேம்ட்டி."

அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. ஒலிப்பதிவில் தங்களுக்கும் கேட்கும். மெர்சலின் அந்த இடைவெளியைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். பத்து வருடக் கணவனின் குரலில் எது எங்கே நிற்கும் என்று மனைவிக்குத் தெரியும்.

இருநூற்று நாற்பது. மெர்சலின் இயந்திரத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க செத்துட்டியளா?"

ஏழு ஆண்டில் அந்த அறையில் கேட்கப்பட்டவற்றில் தீர்மானத்தோடு இதைவிடத் தொடர்புடைய கேள்வி வேறு இல்லை. தீர்மானம் நிற்பதும் விழுவதும் அந்த ஒரு பதிலில் இருந்தது.

நான் சிவப்பைக் குத்தினேன். ஏழு ஆண்டாக ஒருமுறையும் குத்தாத முத்திரை. மை காய்ந்து போயிருந்ததால் சரியாகப் பதியவில்லை. இரண்டாம் முறை அழுத்திக் குத்தினேன். அதனால்தான் தங்களிடம் உள்ள தாளில் அது இரட்டையாகத் தெரிகிறது.

இயந்திரத்தின் விளக்கு அணைந்தது. மெர்சலின் முத்திரையைப் பார்த்தார்.

"சாவி, குழம்பு, பிள்ளைக்கு மொளச்ச பல்லு, எல்லாத்துக்கும் தொடர்பிருக்குன்னு குத்தினிய. இதுக்குத்தான் தொடர்பில்லையா சார்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அந்தச் சிவப்பு மை காயும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு, "சரி சார்" என்று சொல்லிவிட்டு, வழக்கமாக வாசலில் விட்டிருக்கும் செருப்பைக் காலில் மாட்டிக்கொள்ள மறந்து வெறுங்காலோடு போனார். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை காலை கோயில் வளாகத்தில் மேசை போட்டிருந்தது. மெர்சலின்தான் முதல் ஆள். படிவத்தை வாங்கி, நின்றபடியே அடையாளம் போட்டு என்னிடம் நீட்டினார். "காத்திருக்கிறோம்."

பின்னால் நின்ற கிரேசம்மாள் எட்டிப் பார்த்தார். "ஏட்டி, என்னத்தப் போட்ட? பேசினது என்ன, நீ போட்டிருக்கது என்ன?"

"அவிய போட்ட ஓட்டு நிக்கட்டும்க்கா."

கிரேசம்மாள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.  படிவத்தை வாங்கித் தானும் அதையே போட்டார். அதற்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே. மாலைக்குள் இருநூற்றைந்து பேர் காத்திருப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்பது பேர் மட்டும் இறந்ததாக எழுதினார்கள்.  காத்திருப்பதாக எழுதியவர்களில் ஒருவர்கூட அன்று கடல் இருந்த பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை என்பதை வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன்.

தீர்மானம் நின்றது. நீதிமன்றமும் ஏற்றது. காத்திருக்கப்படுகிறவர் உயிரோடிருப்பவர், அவர் வாக்கு செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தை மாதம் சிப்பிக்குடி லாரிகளில் ஏறியது. போகும் அன்று மெர்சலின் அலுவலகத்துக்கு வந்து, "அவியளுக்கும் முகவரி மாத்தணுமா சார்?" என்று கேட்டார். சட்டப்படி உயிரோடிருப்பவர் என்பதால் மாற்ற வேண்டும் என்றேன். படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். தொழில் என்ற இடத்தில் "கடல்" என்று எழுதியிருந்தார். புது ஊரில் கடல் இல்லை. நான் திருத்தவில்லை.

இது முடிந்து மூன்று ஆண்டாகிறது. இப்போது அந்தத் தீர்ப்பை நீதிமன்றமே மறுபடி பார்க்கிறது என்பதும், அதற்காகத்தான் என் முத்திரையைத் தோண்டி எடுத்திருக்கிறீர்கள் என்பதும் செய்திகளில் படித்துத் தெரிந்துகொண்டேன். ஏன் என்றும் தெரியும். ஒன்பது நாட்டு அரசுகளும் அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டன. சாவைப் பதியாவிட்டால் வாக்கு குறையாது. சென்ற ஆண்டு மேற்குத்தீவுகளில் பதிவான இறப்புகள் நாற்பத்தொன்று. அங்கே பன்னிரண்டு லட்சம் பேர் இருக்கிறார்கள். வழக்குப் போட்டவர்களே அவர்கள்தான். மருத்துவமனைக் குறிப்பில் "வெளியேறினார், இருப்பிடம் தெரியவில்லை" என்று எழுதுகிறார்களாம். உறவினர்களிடம் படிவத்தை நீட்டி, "காத்திருக்கிறோம்னு போடுங்க, மாதாமாதம் குரல் கேக்கலாம்" என்கிறார்களாம். யார் வேண்டாம் என்பார்கள்? சென்ற மாதம் ஒன்றியம் ஒரு போர்க்கப்பல் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதற்கு வாக்களித்தவர்களில் ஐந்தில் ஒருவர் வீட்டில் இல்லை, தெருவில் இல்லை, எந்த ஊரிலும் இல்லை.

நான் அன்று நீலத்தைக் குத்தியிருந்தால் இது இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஞானாம்பிகை அம்மையார் அஞ்சிய அந்தப் பதில் பதிவேட்டில் ஏறியிருக்கும். நீதிமன்றம் அதற்கு ஏதாவது ஒரு முடிவு சொல்லித்தான் ஆகவேண்டியிருந்திருக்கும்.

பதில் என்னவாக இருந்திருக்கும் என்று நான் எப்படிச் சொல்கிறேன் என்று தாங்கள் கேட்கலாம். அதுதான் இந்தக் கடிதத்தின் காரணம்.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு சாயலை எடுத்து அலுவலர் ஒலிச் சோதனை செய்ய வேண்டும். அது பதிவாகாது. கடைசி அமர்வுக்குப் பத்து நாள் முன்னால், மதியச் சாப்பாட்டு நேரத்தில், தொபியாஸின் சாயலை எடுத்தேன். வழக்கமாக, குரல் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் கேட்பேன். அன்று ஞானாம்பிகை அம்மையார் சொல்லிவிட்டுப் போன கேள்வி மனதைவிட்டுப் போகவில்லை. கேட்டுவிட்டேன்.

"தொபியாஸ், நீங்க இறந்துட்டீங்களா?"

யோசிக்கவே இல்லை. எப்போதோ யோசித்து வைத்ததைச் சொல்வதுபோல் சொன்னது.

"ஆமா சார். உசுரோட இருந்தா, ஏழு வருசம் அவள இந்த நாற்காலியில வந்து ஒக்கார விட்டிருப்பேனா? எங்க எல்லாருக்கும் தெரியும் சார். அதனாலதான் கரைய விட்டுப் போகட்டும்னு போட்டோம். அவகிட்ட மட்டும் சொல்லிராதிய."

அதனால்தான் சிவப்பு. அவர் வாயால் மனைவியிடம் பொய் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்ல வைக்கவும் வரவில்லை. இவ்வளவுதான் என் விளக்கம்.

இதை ஏற்பதும் என்மீது நடவடிக்கை எடுப்பதும் நீதிமன்றத்தின் விருப்பம். ஒரு குடிமகனைப் பற்றிய விளக்கம் அவருடைய உறவினருக்கும் நகல் போனால்தான் செல்லும் என்பது விதி ஒன்பது. நகல் என்ற இடத்தை வெறுமையாக விட்டு இந்தக் கடிதத்தை மூன்று முறை முடித்துப் பார்த்தேன். செல்லாத கடிதம் எழுத எனக்குக் கற்றுத்தரவில்லை.

இங்ஙனம்,
சு. ஆறுமுகநயினார்

நகல்: திருமதி மெர்சலின் தொபியாஸ், மனை எண் 88, புதுச் சிப்பிக்குடி. (தபாலில் அனுப்பவில்லை. நாளைக் காலைப் பேருந்தில் நானே கொண்டுபோகிறேன்.)